நாலாம் கட்டு

குருமண்வெளித் துறையில் நின்று "பாதை வந்திட்டுதா?" என்று யாராவது கேட்டால் வெளியூர்க்காரர்கள் முழிப்பார்கள். பாதை எப்படி வரும், நாமல்லவா பாதையில் போக வேண்டும் என்று நினைப்பார்கள். மட்டக்களப்பு வாவியில் பாதை என்றால் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போய்வரும் மிதவை. அது வரும், போகும், சில நாள் பழுதாகி நடுத் தண்ணீரில் நின்றும்விடும். இந்தப் பக்கம் எழுவான்கரை, அந்தப் பக்கம் படுவான்கரை. அங்குள்ளவர்களின் பாதிச் சீவியம் இரண்டுக்கும் நடுவில் காத்திருந்தே போய்விடும்.

அந்தக் காத்திருப்பில் பிழைத்தவள் மங்கையற்கரசி. துறைக்குப் போகிற வழியில், தகரக் கூரையும் பலகைச் சுவருமாக நின்ற தையல்கடை அவளுடையது. புருஷன் வல்லிபுரம் பாதையில் வேலை செய்தான். பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி அவள் ஒருவரிடமும் முறைப்பட்டதில்லை, விசாரிக்க வருகிறவர்களுக்கு வாய் கொடுத்ததுமில்லை. அவளுடைய முறைப்பாடு வேறு. கதைப்புத்தகம் என்றால் அவளுக்கு உயிர். ஆனால் தையற்காரிக்குக் கை இரண்டும் துணியில், கால் மிசினில், கண் ஊசியில். புத்தகம் பிடிக்க உடம்பில் வேறு எதுவும் மிச்சமில்லை. வீட்டுக்குப் போனால் அடுப்பு இருக்கிறது, அதை முடித்தால் நித்திரை இருக்கிறது.

ஆகவே அவள் கடை வாசலில் ஒரு வாங்கு போட்டாள். பாதைக்கு நிற்கிறவர்கள் வெயிலுக்குப் பயந்து அதில் வந்து உட்காருவார்கள். உட்கார்ந்தவர் மூச்சு விடுவதற்குள் கேள்வி வரும்.

"இப்ப என்ன வாசிக்கிறீங்க?"

ஏதாவது பதில் வந்ததோ, அடுத்த கேள்வி தயார்.

"எங்க நிக்கிறீங்க?"

கதையில் எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம். ஒருவர் தான் நிற்கிற இடத்தைச் சொல்வார், அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்வார், பாதை வந்துவிடும், எழும்பிப் போய்விடுவார். திரும்பி வரும்போது மிச்சம். அரச அலுவலகமான கச்சேரிக்குப் போகிற கிளார்க், வெல்லாவெளிப் பள்ளிக்கூடத்து ரீச்சர், புளியந்தீவில் படிக்கிற பெட்டைகள் என்று அவளுக்காக வாசித்தவர்கள் நிறையப் பேர். தாங்கள் அவளுக்காக வாசிக்கிறோம் என்பது அவர்களுக்கே தெரியாது. ஒரே ஒரு சட்டம்தான் வைத்திருந்தாள். முடித்த புத்தகத்தைப் பற்றிக் கதைக்கக் கூடாது. "முடிச்ச ஆக்கள் நீதவான் மாதிரித் தீர்ப்புச் சொல்லுவாங்க. நடுவில நிக்கிற ஆக்களிட்டத்தான் கதை கிடக்கு" என்பாள். முடித்துவிட்டேன் என்று சொன்ன ஒரு பெரிய உத்தியோகத்தரிடம், "அப்ப வேணாம் ஐயா, இனி ஒண்டு தொடங்கினாப் பிறகு வாங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். வல்லிபுரம் அன்றைக்கு முழுக்கத் தலையில் அடித்துக்கொண்டான்.

சமாதானக் காலத்தில், ரோட்டுகள் திறந்து ஆட்கள் பயமில்லாமல் போய்வரத் தொடங்கியபோது, அந்த வாங்கில் வந்து உட்கார்ந்தவள் றபீக்கா. காத்தான்குடி. புருஷன் நஸீர் கட்டாரில். புடவைக் கடைகளில் மிஞ்சுகிற வெட்டுத்துணிகளை மொத்தமாக வாங்கி, ஊர் ஊராகத் தையற்காரிகளுக்குக் கொண்டுவந்து கொடுப்பாள். மங்கையைவிட ஐந்தாறு வயது கூட. வந்த முதல் நாளே துணி மூட்டைக்குள்ளிருந்து ஒரு புத்தகத்தின் முனை எட்டிப் பார்த்தது. மங்கைக்குத் துணி மறந்துபோயிற்று.

"எங்க நிக்கிறீங்க?"

றபீக்கா விளங்காமல் தன் காலைக் குனிந்து பார்த்தாள். "இந்தா, ஒன்ட கடையிலதான் நிக்கிறன். ஏன், நிக்கப்படாதா?"

அதைச் சொல்லிச் சொல்லி இருவரும் எத்தனை நாள் சிரித்தார்கள் என்பதற்குக் கணக்கில்லை. மற்றவர்கள் மங்கைக்குக் கதை சொன்னார்கள். றபீக்கா மட்டும்தான் திரும்பிக் கேட்டாள். "சரி, நீ செல்லு, ஒனக்கு என்ன தோணுது, அவள் அவனக் கட்டுவாளா?" றபீக்காவின் வாயில் 'சொல்லு' எப்போதும் 'செல்லு'தான். ஒரு தையற்காரியிடம் அவளுடைய அபிப்பிராயத்தை யார் கேட்கிறார்கள்? கழுத்து வட்டமா சதுரமா என்று கேட்பார்கள், அவ்வளவுதான். மங்கை அன்றிலிருந்து அவளை, காத்தான்குடி வழக்கில் அக்கா என்று அர்த்தப்படும்படி, ராத்தா என்று கூப்பிட்டாள்.

பிறகு கடல் வந்தது.

அந்த நத்தார்ப் பண்டிகை முடிந்த அடுத்த நாள் வந்த சுனாமியைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. வாவிக்கரையில் இருந்த மங்கையின் கடைக்கு ஒன்றும் ஆகவில்லை. றபீக்காவின் வீடு கடற்கரைப் பக்கம். தொலைபேசி வேலை செய்யவில்லை. பஸ் இல்லை. கடலோர ஊர்களிலிருந்து ஓடி வந்தவர்கள் துறையில் நிறைந்துபோய் நின்றார்கள். மங்கை ஒவ்வொருவராகப் பிடித்து "காத்தான்குடி ஆக்கள் எங்க நிக்கிறாங்க?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை அவள் கதைக்காக அல்லாமல் கேட்ட முதல் நாள் அது.

ரோட்டில் வாகனம் ஓடத் தொடங்கியதும், வல்லிபுரத்தின் சைக்கிளில் பின்னால் ஏறிப் பாதி வழியும், லொறியில் மீதி வழியுமாகப் போய்ச் சேர்ந்தாள். ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், ஆண்களின் சேட்டு ஒன்றை மேலே போட்டுக்கொண்டு றபீக்கா உட்கார்ந்திருந்தாள். உயிர் தப்பியிருந்தாள். தங்கை ஹப்ஸா கடலோடு போய்விட்டாள். மங்கையைக் கண்டதும் அழவில்லை. பக்கத்தில் இருந்த றங்குப்பெட்டியைத் தட்டிக் காட்டினாள். வீட்டில் மிஞ்சியது அது ஒன்றுதான். உள்ளே இரண்டு சாரி, நஸீர் அனுப்பிய ஒரு மணிக்கூடு, கடல் தண்ணீரில் ஊதிப்போன ஒரு தடித்த புத்தகம்.

"பாதியில நிக்கிறன் புள்ள" என்றாள் றபீக்கா. "இனி என்னத்த வாசிக்கிற." அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. தங்கைக்கு அழுதாளா புத்தகத்துக்கு அழுதாளா என்று கேட்கிறவன் மனுசனில்லை.

மங்கை அந்தப் புத்தகத்தைச் சாரித் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தாள். மட்டை போய்விட்டது, பெயர் இருந்த பக்கங்களும் போய்விட்டன. எழுதியது யார் என்றுகூடத் தெரியாது. தாள்களைப் பிரித்து, பழைய வேட்டித் துணியை மேலே விரித்து, சிரட்டைக்கரிப் பெட்டியால் ஒவ்வொன்றாக ஸ்திரிக்கை போட்டாள். யூனிபோம் தைக்கக் கொடுத்த பெற்றோர் கடை வாசலில் நின்று சத்தம் போட்டார்கள். காய்ந்த தாள்கள் அப்பளம் மாதிரி மொறுமொறுத்தன. அங்கங்கே பழுப்பாகக் கருகியும் போயின. அவற்றை ஒரே புத்தகமாகத் தைக்க ஊசி இடம் கொடுக்கவில்லை. ஐந்து பங்காகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தடித்த நூலால் தனித்தனியாகத் தைத்து, முதுகில் வெட்டுத்துணி ஒட்டினாள். முதலாங் கட்டு, ரெண்டாங் கட்டு, மூண்டாங் கட்டு, நாலாங் கட்டு, அஞ்சாங் கட்டு.

கட்டுகள் கல்முனை பஸ்ஸில் துணிப் பார்சலோடு போய்வந்தன. றபீக்கா தற்காலிகக் கொட்டிலில் இருந்துகொண்டு, முதலிலிருந்து திரும்பத் தொடங்கினாள். ஒரு கட்டை முடித்ததும் மங்கைக்கு அனுப்புவாள். மங்கை அதை வாசிக்கும்போது அவள் அடுத்ததில் நிற்பாள். இதை மட்டும் மங்கை தன் கண்ணால்தான் வாசித்தாள், ஒரு நாளைக்கு ஒரு பக்கமோ அரைப் பக்கமோ. அதனால் றபீக்கா மாதக்கணக்காக அடுத்த கட்டில் காத்திருப்பாள். முன்னால் நிற்கிறவள் பின்னால் நிற்கிறவளுக்கு ஒன்றும் சொல்லக் கூடாது என்பது புதிய சட்டம். அந்த வருசம் மங்கை கடையில் கம்பியில்லாத தொலைபேசி ஒன்று எடுத்தாள். துறைக்கு வருகிறவர்கள் காசு கொடுத்துப் பேசுவார்கள். மத்தியானத்தில் றபீக்கா தன் கைத்தொலைபேசியிலிருந்து அழைப்பு எடுப்பாள். வாங்கில் இருக்கிறவர்கள் காது கொடுத்துக் கேட்பார்கள், சிரிப்பார்கள்.

சிரித்தவர்களுக்கு நடுவில் சிரிக்காத ஒருவன் எப்போது வந்து உட்கார்ந்தான் என்று தெரியாது. இன்றுவரை தெரியாது.

சண்டை திரும்பவும் தொடங்கியிருந்தது. படுவான்கரையில் செல் விழுகிற சத்தம் வாவிக்கு மேலால் வந்து கடைத் தகரத்தை அதிரவைத்தது. பாதை நின்றுபோயிற்று. ஆட்கள் தோணியிலும் கழுத்தளவு தண்ணீரிலுமாக இந்தக் கரைக்கு வந்தார்கள். அப்படிப்பட்ட காலத்தில், ஒரு மத்தியானம், மங்கையும் றபீக்காவும் கதைத்த கதை இது.

"மூண்டாங் கட்டு வந்து சேர்ந்துதா?"

"ஓம் ராத்தா, நேற்று பஸ்ஸில வந்தது. ஒருத்தரும் பிரிச்சுப் பாக்கல்ல."

"எங்க நிக்கிறாய்?"

"ராவு முழுக்க நித்திரையில்லாம வந்து ஆத்தங்கரையில நிக்கிறன். அவன் துவக்கோட தோணியில ஏறிட்டான். இருட்டினாப் பிறகு ஊருக்க வரப்போறான்."

"ஆரும் கண்டதா?"

"விதானையார்ர மகள் கண்டிட்டாள். ராத்தா, நாலாங் கட்டக் கெதியா அனுப்புங்க, எனக்கு நெஞ்சு படபடக்குது."

நீங்களே சொல்லுங்கள். துவக்கு என்றால் துப்பாக்கி; அந்தக் காலத்தில் இதைக் காதில் கேட்ட ஒருவன் என்ன நினைப்பான்?

சிவில் உடுப்பில் இரண்டு பேர் வந்தார்கள். "ஒரு சின்ன விசாரணை" என்றார்கள். அந்தச் சின்ன விசாரணைக்குப் போய் வராதவர்கள் எத்தனை பேர் என்று ஊருக்குத் தெரியும். மங்கை மிசினிலிருந்து எழும்பும்போது இடுப்பில் அளவு நாடா தொங்கியது, அதைக் கழற்றவும் தோன்றவில்லை. வல்லிபுரம் சைக்கிளில் வாகனத்துக்குப் பின்னால் மிதித்துக்கொண்டே போனான். முகாம் வாசலில் நின்றுகொண்டான். போகச் சொன்னார்கள், போகவில்லை. பாதை வேலைக்காரனுக்கு நின்று பழக்கம்.

உள்ளே ஒரு அதிகாரி, தடிமல் பிடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு பெடியன். தமிழ் தெரியும், ஆனால் மட்டக்களப்பில் பழகிய தமிழ் இல்லை.

"ஆற்றங்கரையில் நின்றாயா?"

"இல்ல சேர். நான் கடையில, மிசினுக்கு முன்னால இருந்தன்."

"ஆற்றங்கரையில் நிற்கிறேன் என்று நீதான் சொன்னாய்."

"அது கதையில சேர்."

"ஓம், கதையில்தான். நீ கதைத்த கதையைத்தான் கேட்கிறேன்."

மங்கைக்கு அப்போதுதான் விளங்கியது, தான் எவ்வளவு பெரிய குழியில் நிற்கிறாள் என்று. நமக்குக் கதைக்கிறதும் கதை, புத்தகத்தில் எழுதியிருக்கிறதும் கதை. "அது சும்மா கதை சேர்" என்றாள். "சும்மா கதை என்றால் ஏன் நெஞ்சு படபடத்தது?" என்று கேட்டான் பெடியன். "கதைப்புத்தகம் சேர், புத்தகம்!" என்று கத்தியேவிட்டாள்.

வாசலில் நின்ற வல்லிபுரத்தை அனுப்பி மூன்றாம் கட்டை எடுப்பித்தார்கள். அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மட்டை இல்லை, பெயர் இல்லை, முதல் பக்கமும் இல்லை. தீயில் பட்ட பழுப்பு, தையல் நூல், முதுகில் ஒரு பூப்போட்ட சீத்தைத் துண்டு. உலகத்தில் எந்தப் புத்தகமும் இப்படி இருக்காது. பெடியன் கடைசிப் பக்கத்தை வாசித்தான். துவக்கு இருந்தது, தோணி இருந்தது, ஊர்த் தலைவரான விதானையாரின் மகளும் இருந்தாள். அவன் அதிகாரிக்குச் சொன்னான். அதிகாரி ஒரு கேள்வி கேட்டார். நியாயமான கேள்விதான்.

"அவன் துவக்கோடு எதற்கு வருகிறான்?"

"தெரியா சேர். நான் இன்னும் வாசிக்கல்ல. நாலாங் கட்டு ராத்தாட்டக் கிடக்கு."

அவளுடைய சட்டம் அவளையே பிடித்துக்கொண்டது. ஒரு பக்கம், ஒரே ஒரு பக்கம் முன்னால் வாசித்திருந்தால் பதில் சொல்லியிருப்பாள்.

பெடியன் றபீக்காவுக்குத் தொலைபேசி எடுத்தான். மங்கை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கேட்டான், கேட்டான், பிறகு இவளைப் பார்த்தான்.

"கட்டு ஒன்றும் தெரியாதாம். உன்னையும் தெரியாதாம். தான் புத்தகமே வாசிப்பதில்லையாம்."

றபீக்காவைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. தெரியாத குரல் ஒன்று முகாமிலிருந்து கேட்டால், தெரியா என்று சொல்லித்தான் நமக்குப் பழக்கம். சொந்தப் பெயரைக் கேட்டாலும் முதலில் தெரியா என்றுதான் வாயில் வரும். ஆனால் அந்தக் கதிரையில் இருந்த மங்கைக்கு அது அப்படிக் கேட்கவில்லை. எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள்.

"தம்பி, நான் ஒரு வார்த்தை கதைக்கட்டா? ஒண்டே ஒண்டு."

பெடியன் அதிகாரியைப் பார்த்தான். பிறகு இன்னொரு தரம் எடுத்து, தொலைபேசியைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு அவள் வாய்க்குக் கிட்டப் பிடித்தான்.

"ராத்தா, எங்க நிக்கிறீங்க?"

கொட்டில் தகரத்தில் காகம் நடக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மூச்சு. பிறகு றபீக்காவின் குரல், அழுது உடைந்து வந்தது.

"கிணத்தடியில நிக்கிறன் புள்ள. விதானையார்ர மகளோட. அதுக்கு மேல நான் செல்லமாட்டன். நீ இன்னும் நாலாங் கட்டுப் பாக்கல்ல."

பெடியனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. தொலைபேசியைத் தன் காதில் வைத்துக்கொண்டு வெளி விறாந்தைக்குப் போனான். அங்கே நின்று, மங்கைக்குக் கேட்காமல், நாலாம் கட்டுக் கதையை நெடுநேரம் கேட்டான். திரும்பி வந்து அதிகாரிக்குச் சிங்களத்தில் சொன்னான். அதிகாரி மூக்கைத் துடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். கேட்டு முடிய, மங்கையை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. போகச் சொன்னார். மூன்றாம் கட்டு மேசையிலேயே கிடந்தது. அதைத் தாருங்கள் என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

வாசல் வரைக்கும் வந்த பெடியன், "நல்ல கதை அக்கா" என்றான். அவன் எதற்கு வருகிறான் என்று கேட்டுவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தாள். வல்லிபுரம் அவளுடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். ஆக, முகாமில் இருக்கிற அதிகாரிக்குத் தெரியும், பெடியனுக்குத் தெரியும், அந்தக் கதைக்காக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தவளுக்கு மட்டும் தெரியாது. இந்த நாட்டு நியாயமே அப்படித்தான்.

வீட்டுக்கு வந்ததும் வல்லிபுரம் தொலைபேசியை நிறுத்தினான். வாங்கையும் தூக்கி உள்ளே போட்டான். "இனி ஒருத்தரிட்டயும் எங்க நிக்கிறீங்க எண்டு கேக்காத, மங்கை. நான் உன்னைத் தேடித் திரிய ஏலா" என்றான். அவன் அவளோடு சத்தம் போடாமல் கதைத்தது அன்றைக்குத்தான். அவள் தலையை ஆட்டினாள்.

றபீக்கா வரவில்லை. துணி வேறொரு ஆளிடம் வந்தது. அந்த ஆளிடம், "ராத்தா சுகமா?" என்று கேட்டால் "சுகம்" என்பான், அதற்கு மேல் ஒன்றுமில்லை. என்னால் அவளுக்கும் கரைச்சல் வந்திருக்கும், கோபமாக இருப்பாள் என்று மங்கை நினைத்தாள். வேறு நாட்களில், என்னைத் தெரியாதென்று சொன்னவள்தானே என்று நினைத்து, தையலில் பிழை விட்டுப் பிரித்துத் தைத்தாள். அகதிக் கொட்டில்களில் இருந்த படுவான்கரைப் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்தாள், சனத்தோடு கதைத்தாள், கோயிலுக்குப் போனாள். எல்லாம் செய்தாள். ஆனால் அவளிடம் உனக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்க ஒருவரும் இருக்கவில்லை. அவள் ராத்தாவைத் தேடினாள், புத்தகத்தை அல்ல. இரண்டையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கவும் அவளால் முடியவில்லை.

பிறகு பாதை ஓடத் தொடங்கியது. வெல்லாவெளி ரீச்சர் ஒரு நாள் கடையில் ஒதுங்கி, தானாகவே, "மங்கையக்கா, இப்ப நீங்க என்ன வாசிக்கிறீங்க?" என்று கேட்டாள். மங்கை அந்த மட்டையில்லாத புத்தகத்தைச் சொன்னாள். அடுத்த வருசம் கேட்டபோதும் அதையே சொன்னாள். ரீச்சர் சிரித்தாள். "என்னக்கா, எழுத்துக் கூட்டியா வாசிக்கிறீங்க?" மங்கையும் சிரித்துவைத்தாள்.

வைகாசி மாதத்தில் யுத்தம் முடிந்தது என்றார்கள். ரோட்டில் வெடி கொளுத்தினார்கள், கொடி கட்டிய வாகனங்கள் போயின, மறித்து மறித்துப் பாற்சோறு கொடுத்தார்கள். மங்கை கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு மிசினை மிதித்துக்கொண்டிருந்தாள். வன்னியில் வல்லிபுரத்தின் தங்கை குடும்பம் இருந்தது. அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது.

வெடிச் சத்தம் எல்லாம் அடங்கிய ஒரு நாள், பாதிக் கதவை யாரோ தள்ளினார்கள். துணி மூட்டையோடு றபீக்கா. மெலிந்து, கண்ணாடி போட்டிருந்தாள். உள்ளே கிடந்த வாங்கைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மங்கை மிசினை நிறுத்தவில்லை. நிறுத்தினால் என்ன செய்வாள் என்று அவளுக்கே தெரியாது.

"எங்க நிக்கிறாய் புள்ள?"

"அந்த ஆத்தங்கரையிலதான் ராத்தா. அவன் தோணியில ஏறின இடத்திலேயே நிக்கிறன். வேற எங்க போக?"

றபீக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"நான் ஒன்னத் தெரியா எண்டு சென்னன்."

"ஓம், சொன்னீங்க."

"வாய் தானாச் சென்ன புள்ள. அல்லாவுக்குத் தெரியும்."

"எனக்கும் தெரியும் ராத்தா. அங்க இருக்கக்குள்ளதான் தெரியல்ல."

"அதில்ல. இன்னும் ஒண்டு கிடக்கு. அதச் செல்லத்தான் ஏலாம இவ்வளவு காலம் வராம இருந்தன்." றபீக்கா கைகளைப் பிசைந்தாள். "அடுத்த நாள் விடியத் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டினன். ரோட்டில ஜீப் ஒண்டு நிண்டிச்சி. நம்மளத் தேடித்தான் வாறாங்க எண்டு நினைச்சிட்டன். நாலாங் கட்ட அடுப்புக்க வெச்சிட்டன். ஜீப் அதுபாட்டுக்குப் போயிட்டு."

மிசின் நின்றது. கடலிலிருந்து எடுத்து, தாள் தாளாகக் காயவைத்துத் தைத்தது. அதை நினைத்து மங்கைக்குக் கோபம் வந்தது, உண்மையாகவே வந்தது. பிறகு றபீக்காவின் கையைப் பார்த்தாள். துணி மூட்டையின் முடிச்சை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப சட்டத்தை விடுவம் ராத்தா. சொல்லுங்க. அவன் எதுக்கு வந்தவன்? முகாமில எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியா."

றபீக்கா கண்ணாடியைக் கழற்றினாள்.

"அந்தத் துவக்கு விதானையார்ர, புள்ள. வயலுக்க காட்டுப் பண்டி வராமக் காவலுக்கு அவர் குடுத்தது. அதத் திருப்பிக் குடுக்க வந்தவன். அந்தப் பெட்டை துவக்கக் கண்டு பயந்து கத்திட்டாள். ஊர் கூடி அடிச்சிப்போட்டுது. அடிச்சாப் பிறகுதான் கேட்டாங்க, ஏண்டா வந்தாய் எண்டு."

மங்கை அளவு நாடாவைக் கையில் சுற்றிக்கொண்டு இருந்தாள். அதிகாரி அன்றைக்குப் பார்த்த பார்வை இப்போதுதான் அவளுக்கு விளங்கியது. வெளியே பாதை வந்து துறையில் முட்டியது. ஆட்கள் இறங்கி நடந்தார்கள்.

"செத்திட்டானா, பிழைச்சிட்டானா?"

"அது அஞ்சாங் கட்டுல."

"அஞ்சாங் கட்டு எங்க?"

றபீக்கா கையிலிருந்த கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினாள். மங்கைக்கு விளங்கிவிட்டது.

"அதையும் வெச்சிட்டீங்களா?"

"ரெண்டையும் ஒண்டாத்தான் வெச்சன். அஞ்சாங் கட்ட நான் பிரிக்கவுமில்ல புள்ள. நீ வாறதுக்கு முன்ன நான் மிச்சத் தூரம் முந்தி ஓடப்படாது எண்டு வெச்சிருந்தன்."

மங்கை எழும்பினாள். பாதிச் சாத்தியிருந்த கதவை முழுக்கத் திறந்தாள். வாங்கை, றபீக்கா உட்கார்ந்திருக்கும்போதே, ஒரு முனையைப் பிடித்து வெளியே இழுத்தாள். றபீக்கா விழாமல் பிடித்துக்கொண்டு எழும்பி, மறுமுனையைத் தூக்கினாள். இருவருமாக அதைப் பழைய இடத்தில் வைத்தார்கள். பிறகு அதில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

"சரி ராத்தா" என்றாள் மங்கை. "எந்த நாளும் நீங்க ஒரு கட்டு முன்னாலதான் நிப்பீங்க. இப்பதான் ரெண்டு பேரும் ஒரே இடத்தில நிக்கிறம்."

"அவன் பிழைச்சிருப்பானா? ஒனக்கு என்ன தோணுது, செல்லு."

மங்கை யோசித்து, ஐந்தாம் கட்டைத் தானே சொல்லத் தொடங்கினாள்.